468-இல் கார்த்தேஜ் விழுந்திருந்தால்? ரோம, இடைக்கால அரசியலுக்கு மாற்று வரலாறு எழுத ஒரு முழு வழிகாட்டி

‘சீசர் தப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?’ என்று கேட்க அரை நிமிடம் போதும். அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளை, விஷயம் தெரிந்தவர் படித்தாலும் முகம் சுளிக்காதபடி கட்டியெழுப்புவதில்தான் உழைப்பு இருக்கிறது. மாற்று வரலாறு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் போர்க்களத்தைப் பத்துப் பக்கம் வர்ணித்துவிட்டு, கருவூலத்தையும் வாரிசையும் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ரோமிலும் சரி, இடைக்கால ஐரோப்பாவிலும் சரி, ஆட்சிகள் நின்றதும் சாய்ந்ததும் அந்த இரண்டு இடங்களில்தான்: படைக்குச் சம்பளம் தருவது யார், அரசன் கண்ணை மூடினால் அடுத்தவன் யார்.

இங்கே இரண்டு நிகழ்வுகளை எடுத்துச் செய்துகாட்டியிருக்கிறோம். ஒன்று, கி.பி. 468-இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தாரிடமிருந்து வட ஆப்பிரிக்காவை மீட்கப் போய் எரிந்து திரும்பிய ரோமக் கடற்படை. மற்றது, 1197-இல் 31 வயதில் இறந்த புனித ரோமப் பேரரசர் ஆறாம் ஹென்றி. முதலாவதில் பணக்கணக்கு கற்கலாம். இரண்டாவதில் வாரிசுக் கணக்கு.

படி 1: பிரியும் புள்ளியைத் தேர்ந்தெடுப்பது

உண்மை வரலாற்றிலிருந்து உங்கள் கதை விலகும் இடத்தைப் பிரிபுள்ளி என்று வைத்துக்கொள்வோம். நல்ல பிரிபுள்ளி சிறியதாக இருக்கும். ஒரு காய்ச்சல், ஒரு காற்று, ஒரு தவறான முடிவு. ‘ரோமர்கள் நீராவி எந்திரம் கண்டுபிடித்திருந்தால்’ என்பது பிரிபுள்ளி ஆகாது. அதற்கு முன்னால் உலோகவியல், நிலக்கரி, கூலி விலை என நூறு விஷயங்களை மாற்ற வேண்டும். நாள் குறிக்க முடியாத மாற்றத்தை எடுக்காதீர்கள் என்பது நல்ல விதி. ஆண்டு மட்டும் தெரிந்தால் போதாது. மாதமாவது தெரிய வேண்டும்.

அடுத்து, அந்த மாற்றத்துக்கு எத்தனை நாள் அவகாசம் இருந்தது என்று பாருங்கள். கி.மு. 44, மார்ச் 15 அன்று சீசர் கொல்லப்பட்டார். மார்ச் 18 அன்று பார்த்தியர்மேல் படையெடுக்கக் கிளம்புவதாக இருந்தது. கிளம்பிவிட்டால் படை நடுவே இருக்கும் மனிதரைக் கத்தியோடு நெருங்க முடியாது. ஆக, சதிகாரர்களுக்கு மிஞ்சியிருந்தது மூன்றே நாள். அவர் உடம்பு சரியில்லை என்று அன்றைக்கு மன்றத்துக்கு வராமல் இருந்திருந்தாலே போதும். இவ்வளவு குறுகிய வாசல் கிடைப்பது அரிது. இந்தப் பிரிபுள்ளி அலுக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

மூன்றாவது சோதனை பலரும் செய்யாதது. அதே வாய்ப்பை வரலாறு பின்னால் இன்னொரு முறை கொடுத்ததா? கி.பி. 9-இல் டியூட்டோபர்க் காட்டில் ரோமத் தளபதி வாரஸ் மூன்று லெஜியன்களை (படைப்பிரிவுகளை) இழக்காமல் இருந்திருந்தால் ஜெர்மானிய நிலம் ரோம மாகாணமாகியிருக்கும் என்று ஏராளமானோர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கி.பி. 14 முதல் 16 வரை இன்னொரு தளபதி ஜெர்மானிக்கஸ் அதே பகுதிக்குள் நுழைந்து களத்தில் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார். அவரைத் திரும்ப அழைத்தது எதிரி அல்ல, டைபீரியஸ். செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று பேரரசரே நினைத்த இடத்தில், வாரஸைக் காப்பாற்றி என்ன பயன்? இரண்டாம் வாய்ப்பும் வீணாகிப்போன இடத்தில் உங்கள் பிரிபுள்ளி பலவீனமானது என்று அர்த்தம். அதை விட்டுவிட்டு டைபீரியஸின் மனதை மாற்றுங்கள்.

இனி நம் முதல் நிகழ்வு. 439-இல் வாண்டல் அரசன் கெய்செரிக் கார்த்தேஜைப் பிடித்தான். ரோம் நகரத்துக்குத் தானியமும் எண்ணெயும் வந்துகொண்டிருந்த மாகாணம் கைமாறியது. அப்போது ரோமுக்குக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பேரரசர்கள். 468-இல் கிழக்கு ரோமப் பேரரசர் முதலாம் லியோ, மனைவியின் சகோதரர் பாசிலிஸ்கஸ் தலைமையில் பெரிய கடற்படையை அனுப்பினார். அது மெர்க்கூரியம் என்ற இடத்தில் நங்கூரம் போட்டது. கார்த்தேஜ் அங்கிருந்து 280 ஸ்டேடியம், அதாவது சுமார் 50 கிலோமீட்டர். கெய்செரிக் ஐந்து நாள் தவணை கேட்டான். பாசிலிஸ்கஸ் கொடுத்தார். அதற்குள் காற்று வாண்டல்களுக்குச் சாதகமாகத் திரும்பியது. ஆளில்லாத பழைய படகுகளில் தீ வைத்துக் காற்றோடு அனுப்பினார்கள். நெருக்கியடித்து நின்ற ரோமக் கப்பல்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றிக்கொண்டன.

பிரிபுள்ளி எங்கே? காற்றை மாற்றலாம். ஆனால் அதைவிட நல்லது தவணையை மறுப்பது. 50 கிலோமீட்டர் என்பது காலாட்படைக்கு இரண்டு, மூன்று நாள் நடை. பாசிலிஸ்கஸ் முதல் நாளே ஆட்களைக் கரையிறக்கியிருந்தால், கெய்செரிக் கேட்ட ஐந்து நாள் முடிவதற்குள் கார்த்தேஜ் மதில் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். நேராகப் போயிருந்தால் முதல் வீச்சிலேயே நகரம் விழுந்திருக்கும் என்று வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸும் எழுதுகிறார். அவர் எழுதியது சுமார் எண்பது ஆண்டு கழித்து என்றாலும், அந்தக் காலத்து ஆட்களுக்கே அப்படித் தோன்றியது என்பது நமக்குச் சாதகம்.

படி 2: முதலில் உண்மை நடந்ததை எழுதி முடிப்பது

எக்செல் தாள் ஒன்றைத் திறந்து ஆறு பத்திகள் போடுங்கள்: தேதி, ஆள், அன்றைய வயது, இருந்த இடம், நடந்தது, ‘பிரிபுள்ளியைச் சார்ந்ததா’. பிரிபுள்ளிக்குப் பத்தாண்டு முன்பிருந்து இருபது ஆண்டு பின்பு வரை போதும். ஐம்பது, அறுபது வரிகள் வரும். இது முடியும் வரை கற்பனைக்கு ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

468-க்குச் சில வரிகள் இப்படி இருக்கும்: 461, மேற்குப் பேரரசர் மஜோரியனைத் தளபதி ரிக்கிமர் கொல்கிறார். 467, அந்தேமியஸ் மேற்குப் பேரரசர். மகள் அலிப்பியாவை ரிக்கிமருக்குக் கட்டிக்கொடுக்கிறார். 468, மேற்கு ரோமத் தளபதி மார்செல்லினஸ் சார்டினியாவை மீட்டபின் சிசிலியில் கொலை. 469, ஹூணர் தலைவன் அட்டிலாவின் மகன் டெங்கிசிக் கொல்லப்பட்டு அவன் தலை கிழக்கின் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளுக்கு வருகிறது. 471, கிழக்கின் பெரும்புள்ளி ஆஸ்பரை லியோ கொல்லுகிறார். 472 ஜூலையில் அந்தேமியஸ் கொலை, ஆகஸ்டில் ரிக்கிமர் நோயில் சாவு. 474 ஜனவரி, லியோ மரணம். 475, பாசிலிஸ்கஸே அரியணையைப் பறிக்கிறார். 476, இத்தாலியப் படைத்தலைவன் ஒடோவாக்கர் மேற்குப் பேரரசர் ரோமுலஸ் அகஸ்டுலஸை அரியணையிலிருந்து இறக்குகிறார். 477 ஜனவரி, கெய்செரிக் முதுமையில் மரணம்.

கடைசிப் பத்திதான் முக்கியம். டெங்கிசிக்கின் முடிவு ஆப்பிரிக்காவைச் சார்ந்ததல்ல. அது அப்படியே நடக்கும். மார்செல்லினஸின் கொலை படையெடுப்போடு பின்னிக் கிடக்கிறது, அது மாறலாம். ரிக்கிமரின் நோய் மாறாது. ஆனால் அந்தேமியஸ் கொல்லப்பட்டதற்கும் ரிக்கிமர் செத்ததற்கும் இடையில் ஆறு வாரம்கூட இல்லை. பட்டியல் போடாமல் எழுதியிருந்தால் இந்த இடைவெளி கண்ணில் பட்டிருக்காது. அந்தேமியஸ் ரோம் நகருக்குள் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருந்தால் எதிரி தானாகவே போய்ச் சேர்ந்திருப்பார். 468-ஐ விடச் சிறிய, மலிவான பிரிபுள்ளி இங்கே தனியாகக் கிடைக்கிறது. அதை வேறொரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: மூல நூல்களின் எண்களை எடை போடுவது

468 படையில் 1,113 கப்பல்கள் என்கிறது ஒரு மரபு, 1,00,000 பேர் என்கிறார் புரோகோப்பியஸ். அப்படியே நம்பவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். நன்கு தெரிந்த இன்னொரு எண்ணோடு ஒப்பிடுங்கள். 533-இல் கிழக்கு ரோமத் தளபதி பெலிசாரியஸ் அதே ஆப்பிரிக்காவுக்குப் போனபோது 500 சரக்குக் கப்பல், 92 போர்க்கப்பல். 10,000 காலாட்கள், 5,000 குதிரை வீரர், சுமார் 1,000 துணைப்படை, 30,000 மாலுமிகள், போர்க்கப்பல்களில் 2,000 துடுப்பாளிகள். மொத்தம் 48,000 பேர், 592 கப்பல். கப்பலுக்கு 81 பேர்.

468-இல் 1,00,000 பேரை 1,113-ஆல் வகுத்தால் கப்பலுக்கு 90 பேர். ஆக, மாலுமிகளையும் சேர்த்து என்றால் இந்த எண் அபத்தமில்லை. ஆனால் சண்டை போடுகிறவர்கள் எத்தனை? 533-இல் கப்பலுக்குச் சுமார் 27 வீரர். அதே விகிதத்தில் 468-இல் 30,000 பேர். உங்கள் கதையில் கார்த்தேஜ் கரையில் இறங்கும் படை இதுதான். லட்சம் பேர் அல்ல. எண்களைப் பெருக்கிக் காட்டும் கதைகள் பெரும்பாலும் இந்த ஒரு வகுத்தலைச் செய்யாதவை.

படி 4: பணக்கணக்கு

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். செலவைப் பற்றி இரண்டு தகவல்கள் இருக்கின்றன. புரோகோப்பியஸ் 1,30,000 பவுண்டு தங்கம் என்கிறார். இன்னொரு வரலாற்றாசிரியர் கான்டிடஸ் சொன்னதாக வருவது 64,000 பவுண்டு தங்கமும் 7,00,000 பவுண்டு வெள்ளியும். முதல் பார்வைக்கு ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. மாற்றிப் பார்ப்போம். ஒரு பவுண்டு தங்கத்தில் 72 சொலிடஸ் காசு. 397-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பவுண்டு வெள்ளிக்கு 5 சொலிடஸ். வெள்ளி 35 லட்சம் சொலிடஸ். தங்கம் 46 லட்சத்து 8 ஆயிரம். இரண்டும் சேர்ந்து சுமார் 81 லட்சம், அதாவது ஏறத்தாழ 1,12,600 பவுண்டு தங்கம். புரோகோப்பியஸ் கணக்கு 93 லட்சத்து 60 ஆயிரம். இரண்டும் ஒரே அளவில்தான் நிற்கின்றன.

457-இல் பேரரசர் மார்சியன் இறந்தபோது கருவூலத்தில் விட்டுச்சென்றது 1,00,000 பவுண்டு தங்கத்துக்குமேல். அதாவது லியோ ஒரு முழுப் பேரரசின் சேமிப்பையும் ஒரே கோடையில் கடலில் இறக்கினார்.

சரி, ஜெயித்திருந்தால் போட்ட பணம் திரும்புமா? 445-இல் மூன்றாம் வாலன்டினியன் போட்ட சட்டம் ஒன்று, போரில் சிதைந்த நுமீடியாவுக்கும் மௌரித்தானியா சிட்டிபென்சிஸுக்கும் வரியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கிறது. அதிலுள்ள தொகைகளை எட்டால் பெருக்கி, படைக்கான தானியப் பங்கையும் காசாக்கினால், இரண்டு மாகாணமும் நல்ல காலத்தில் ஆண்டுக்கு 1,20,000 சொலிடஸ் போலக் கொடுத்திருக்கின்றன. கார்த்தேஜைச் சுற்றிய செழிப்பான பகுதிகள் இதைப்போல ஐந்து மடங்கு தந்தன என்று வைத்துக்கொள்வோம். இது ஊகம், தாளில் ‘ஊகம்’ என்றே எழுதுங்கள். மொத்தம் 7,20,000. செலவை இதனால் வகுத்தால் 11 முதல் 13 ஆண்டு வரும். அதுவும் காவல் படைச் செலவு கழிக்காமல், முதல் நாளிலிருந்தே முழு வரியும் வசூலாகும் என்று வைத்துக்கொண்டு. 445 சட்டமே சிதைந்த மாகாணம் எட்டில் ஒரு பங்குதான் தரும் என்று ஒப்புக்கொள்கிறது.

468-உடன் 11-ஐக் கூட்டினால் 479. ஒடோவாக்கர் 476-இலேயே வந்துவிடுகிறார். ‘கார்த்தேஜ் மீண்டது, மேற்கு ரோம் பிழைத்தது’ என்று ஒரே மூச்சில் எழுதிய கதைகள் எல்லாம் இந்த மூன்றாண்டு இடைவெளியில் விழுந்துவிடுகின்றன.

படி 5: வரலாறே செய்துபார்த்த சோதனை

கற்பனையை அளக்க, அதே மாதிரி நிகழ்வு உண்மையில் நடந்த இடத்தைத் தேடுங்கள். நமக்கு அதிர்ஷ்டம், ஆப்பிரிக்காவைப் பிடித்தால் என்ன ஆகும் என்று 533 காட்டிவிட்டது. செப்டம்பர் 13-இல் முதல் வெற்றி, இரண்டு நாளில் பெலிசாரியஸ் கார்த்தேஜுக்குள், டிசம்பரில் இரண்டாம் வெற்றி, 534 வசந்தத்தில் வாண்டல் அரசன் கெலிமர் சரண். கப்பலேறியதிலிருந்து ஒன்பதே மாதம்.

பிறகுதான் தொல்லை ஆரம்பம். வரி அதிகாரிகள் வந்தார்கள், மக்கள் கசந்தார்கள். உள்ளூர் மூர் இனத்தவர் எதிர்த்துக் கிளம்பினார்கள். வாண்டல் பெண்களை மணந்த ரோம வீரர்கள் அந்தப் பெண்களின் நிலம் தங்களுக்கே என்றார்கள், அரசு இல்லையென்றது. சம்பளமும் பாக்கி. 536 ஈஸ்டரில் கலகம் வெடித்து, ஆளுநர் சாலமன் சிசிலிக்குத் தப்பி ஓடினார். மாகாணம் அடங்க 548 ஆனது. பதினைந்து ஆண்டு.

இதை 468-மேல் அப்படியே ஒட்டக்கூடாது. வேறுபாடுகளைச் சாதகம், பாதகம் என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள். சாதகம்: 533-இல் ஆப்பிரிக்கா பிரிந்து 94 ஆண்டு, 468-இல் 29 ஆண்டுதான். நிலத்தைப் பறிகொடுத்து இத்தாலிக்கு ஓடிய குடும்பங்களில் பலர் இன்னும் உயிரோடு, பட்டா கையில் வைத்திருப்பார்கள். நிர்வாகம் விரைவில் தலைதூக்கும். பாதகம்: 533-இல் வாண்டல் கடற்படையில் 120 கப்பலும் 5,000 பேரும் சார்டினியாவில் கலகத்தை அடக்கப் போயிருந்தார்கள். 468-இல் அவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அதைவிட, கெலிமருக்குப் பதில் கெய்செரிக். நாற்பது ஆண்டாக ரோமப் பேரரசர்களை ஏமாற்றிப் பழகியவன். கார்த்தேஜ் விழுந்தாலும் கப்பல்களோடு நழுவி, பலேரிக் தீவுகளிலிருந்து கடற்கொள்ளை நடத்துவான். மாகாணமும் கடலும் முழுதாக அடங்க எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு என்று வைப்பது நியாயம்.

படி 6: வெற்றி யாருக்குத் தொல்லை தரும்?

தோல்வியில் யார் கெட்டார்கள் என்பது நூல்களில் இருக்கும். வெற்றியில் யார் கெடுவார்கள் என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். எரிந்த கடற்படையோடு ஊர் திரும்பிய பாசிலிஸ்கஸ் ஹாகியா சோபியா தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்தார். சகோதரி வெரினா, லியோவின் மனைவி, மன்றாடித்தான் உயிர் தப்பினார். அப்படிக் கெட்ட பேரோடும் 475-இல் அரியணை ஏறியவர் அவர். கார்த்தேஜை வென்றவர் என்ற பேரோடும், 30,000 வீரர்களின் விசுவாசத்தோடும் இருந்திருந்தால்? 474-இல் லியோ கண்ணை மூடும்போது மருமகன் ஜீனோ எதிர்த்து நிற்கவே யோசிப்பார். கிழக்கில்தான் நிலம் முதலில் நடுங்கும். ‘468 மேற்கைக் காப்பாற்றுமா’ என்று மட்டும் கேட்பவர்கள் இந்தச் சுவையான கிளையைத் தவறவிடுகிறார்கள்.

மேற்கில் ரிக்கிமரை எடுத்துக்கொள்ளுங்கள். பேரரசர்களை ஆக்கி அழித்தவர். மார்செல்லினஸ் உயிரோடு, வெற்றியோடு திரும்பினால் அவருக்கு முதல் முறையாகப் போட்டி. சண்டை தள்ளிப்போகாது, சீக்கிரம் வரும். இன்னொரு இழை: 472-இல் ரிக்கிமர் ஏற்றிய பேரரசர் ஒலிப்ரியஸ், கெய்செரிக்கின் மருமகளுடைய தங்கை கணவர். அவரை அரியணையில் பார்க்க விரும்பியவர்களில் கெய்செரிக்கே முதல் ஆள். வாண்டல் அரசு சாய்ந்தால் ஒலிப்ரியஸின் பக்கபலம் குறையும். இப்படி ஒவ்வொரு ஆளுக்கும் ‘இப்போது இவருக்கு என்ன வேண்டும், யாரைக் கண்டு பயம்’ என்று இரண்டு வரி எழுதுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் கதை தானாக நகரும்.

படி 7: கொக்கி கொக்கியாகக் கணக்கு

ஒவ்வொன்றும் நடக்கக்கூடியதாகத் தோன்றும் ஐந்து நிகழ்வுகளைக் கோத்தால், முழுச் சங்கிலி நடக்கவே நடக்காததாக ஆகிவிடும். ஒவ்வொரு கொக்கிக்கும் 80 சதவீதம் வைத்தாலும் ஐந்து கொக்கிக்கு மொத்தம் 33 சதவீதம்தான்.

மேற்கு ரோம் 476-ஐத் தாண்டிப் பிழைப்பதற்கு நாம் வைக்கும் எண்கள்: கார்த்தேஜ் விழுவது 0.7, இரண்டாண்டில் கார்த்தேஜைச் சுற்றிய நிலத்திலாவது வாண்டல் எதிர்ப்பு அடங்குவது 0.6, அந்தேமியஸும் ரிக்கிமரும் மோதாமல் இருப்பது 0.4, ஆப்பிரிக்க வருமானத்தில் கிழக்கு மேற்குக்குப் பங்கு கொடுப்பது 0.5, அந்தப் பணத்தில் இத்தாலியில் போதுமான படை திரள்வது 0.4. பெருக்கினால் 0.034. நூற்றுக்கு மூன்று.

எண்கள் துல்லியம் அல்ல. உங்கள் கணிப்பு வேறாக இருக்கலாம். கொக்கிகள் ஒன்றையொன்று இழுக்கவும் செய்யும்: வாண்டல்கள் விரைவில் அடங்கினால் அந்தேமியஸின் கை ஓங்கும். ஆனாலும் எந்தக் கொக்கி மெலிந்தது என்பது பளிச்சென்று தெரிகிறது. அங்கே இன்னொரு சிறு மாற்றம் வைக்கலாமா என்று ஆசை வரும். வைக்காதீர்கள். ஒரு கதைக்கு ஒரு பிரிபுள்ளி. இரண்டாவது அதிர்ஷ்டம் வந்த இடத்தில் வாசகர் எழுந்து போய்விடுவார்.

முதல் இரண்டு கொக்கி மட்டும் என்றால் 0.42. ஆகவே முதன்மைக் கிளை இதுதான்: ஆப்பிரிக்கா மீள்கிறது, செலவழித்த கிழக்கு அதைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது, மேற்கு தானியத்துக்குக் கான்ஸ்டான்டினோபிளிடம் கையேந்துகிறது. இத்தாலியப் படை வீரர்கள் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கேட்டு 476-இல் செய்ததை வேறொரு தலைவன் பெயரில், ஓரிரு ஆண்டு முன்னே பின்னே, செய்கிறார்கள். மூன்று சதவீதக் கிளையை எழுதக்கூடாது என்றில்லை. அது மூன்று சதவீதம் என்று தெரிந்தே எழுதுங்கள்.

படி 8: வாரிசுக் கணக்கு, 1197

ஆறாம் ஹென்றி 1197 செப்டம்பர் 28 அன்று மெசினாவில் காய்ச்சலில் இறந்தார். ஜெர்மனி, வட இத்தாலி, மனைவி கான்ஸ்டன்ஸ் வழியே சிசிலி, மூன்றும் அவர் கையில். மகன் பிரெடரிக்குக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. ஹென்றியின் தம்பி பிலிப், ஃபோலின்யோவில் வளர்ந்துகொண்டிருந்த அந்தக் குழந்தையை முடிசூட்ட ஜெர்மனிக்குக் கூட்டிப் போக இத்தாலி வந்து, மொன்டெஃபியாஸ்கோனே வரை வந்துவிட்டார். அங்கே அண்ணன் சாவுச் செய்தி. இத்தாலி கொதித்தெழ, குழந்தையை எடுக்காமலே உயிர் பிழைத்து வடக்கே ஓடினார். 1198 மார்ச்சில் பிலிப்பையும் ஜூனில் ஓட்டோவையும் எதிரெதிராக அரசர்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். பிலிப் 1208-இல் கொலை. இழுபறி 1214 பூவின் போர் வரை.

காய்ச்சல் வராமல் செய்தால் போதும். ஆனால் இங்கே எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு: ஹென்றி பிழைத்தால் பேரரசு பரம்பரைச் சொத்தாகிவிடும் என்ற நினைப்பு. பட்டியலைப் பாருங்கள். அந்தப் பரம்பரைத் திட்டத்தை 1196 வசந்தத்தில் வியூர்ட்ஸ்பூர்க்கில் பெரும்பாலான பிரபுக்கள் ஏற்றார்கள், கொலோன் பேராயர் அடால்ஃப் எதிர்த்தார், போப் ஒத்துக்கொள்ளவில்லை, ஆண்டு முடிவதற்குள் ஹென்றியே கைவிட்டுவிட்டு, மகனை வழக்கம்போல் தேர்தலில் அரசனாக்கிக்கொண்டார். பிரிபுள்ளிக்கு ஓராண்டு முன்பே செத்த திட்டம் அது.

உண்மையில் மாறுவது வேறு. வாரிசுத் தாளில் ஒவ்வொருவர் வயதையும் போடுங்கள். கான்ஸ்டன்ஸ் 1154-இல் பிறந்தவர்; 1197-இல் 43 நெருங்குகிறது, இனிக் குழந்தை சந்தேகம். ஆக ஒரே ஒரு பிள்ளை. அவன் அம்மை கண்டு செத்தால் அடுத்தது பிலிப். ஹென்றி ஐம்பது வயது வரை வாழ்ந்தால் 1215. அப்போது பிரெடரிக்குக்கு இருபது. அரசன் சிறுவன் என்ற பிரச்சினையே எழாது. போப் மூன்றாம் செலஸ்டின் தொண்ணூறு வயதை ஒட்டியவர். 1198 ஜனவரியில் எப்படியும் சாவார். மூன்றாம் இன்னசன்ட் தேர்ந்தெடுக்கப்படலாம், ஆனால் பேரரசர் உயிரோடு தெற்கே படையோடு நிற்கும்போது அவரால் மத்திய இத்தாலியில் நிலம் மீட்க முடியாது.

கான்ஸ்டான்டினோபிளுக்கு இது மோசமான செய்தி. அங்கே ஆண்ட பேரரசர் மூன்றாம் அலெக்சியோஸிடம் ஹென்றி முதலில் 5,000 பவுண்டு தங்கம் கேட்டு, பேரத்தில் 1,600-க்கு இறங்கியிருந்தார். அதைத் திரட்டப் பழைய பேரரசர்களின் கல்லறைகளையே திறந்தார்கள். ஹென்றி இறந்ததால் அனுப்பாமல் தப்பினார்கள். அவர் இருந்திருந்தால் தங்கம் போயிருக்கும், அடுத்த ஆண்டும் கேட்டிருப்பார். நான்காம் சிலுவைப் போர் 1204-இல் நகரைச் சூறையாடியதற்கான வழி, பிலிப்பின் மைத்துனனான இன்னொரு அலெக்சியோஸ் அடைக்கலம் தேடி ஜெர்மனி வந்ததில் தொடங்குகிறது. இந்தக் கதையில் அவன் வந்து நிற்கும் வாசலில் இருப்பது பிலிப் அல்ல, ஹென்றி. இந்த ஒரு வாக்கியத்திலிருந்து ஒரு நாவலே எழுதலாம்.

படி 9: பிறப்பும் வளர்ப்பும்

பிரிபுள்ளியால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதியில், ஓராண்டுக்குமேல் கழித்துப் பிறக்கும் குழந்தைகள் அதே ஆட்கள் அல்லர். 468-ஐ மாற்றினால், 482-ஐ ஒட்டிப் பிறந்த ஜஸ்டினியன் அப்படியே வந்து நிற்கக்கூடாது. 466-ஐ ஒட்டிப் பிறந்த பிராங்கு அரசன் குளோவிஸ் வரலாம். ஏற்கெனவே பிறந்தவர்களிடமும் கவனம் தேவை. இரண்டாம் பிரெடரிக் 1194-இல் பிறந்துவிட்டார். ஆனால் அப்பா உயிரோடிருந்தால் பலேர்மோவில் அல்ல, ஜெர்மன் அரண்மனைகளில் வளர்வார். பெயரும் முகமும் அதே, ஆள் வேறு. அரபு அறிஞர்களோடு உரையாடிய பேரரசரை இந்தக் கதையில் எதிர்பார்க்க வேண்டாம்.

அடிக்கடி கெடும் இடங்கள்

ஒரே காரணத்தைப் பிடித்துத் தொங்குவது. மங்கோலியர்கள் 1242-இல் ஹங்கேரியை விட்டுப் போனதற்கு, 1241 டிசம்பரில் பெருங்கான் ஒகோதேய் இறந்ததையே எல்லோரும் காட்டுகிறார்கள். ஆனால் படைத்தலைவன் பட்டு மங்கோலியாவுக்குப் போகவே இல்லை. வோல்கா பக்கமே தங்கிவிட்டான். கல்கோட்டைகள் பல விழாமல் நின்றன, சதுப்பு நிலத்தில் குதிரைகளுக்கு மேய்ச்சல் போதவில்லை என்ற வாதங்களும் இருக்கின்றன. ஒகோதேயை மட்டும் பிழைக்க வைத்தால் போதாது.

மாற்று ஆளை மறப்பது. 1066 அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போரில் செத்தது இங்கிலாந்து அரசன் ஹரால்டு மட்டும் அல்ல. தம்பிகள் கிர்த்தும் லியோஃப்வைனும் அதே நாளில் செத்தார்கள். அதனால்தான் எதிர்ப்பு சிதறியது. ஹரால்டைக் காப்பாற்றாமல் கிர்த்தை மட்டும் பிழைக்க வைத்தாலே வேறு இங்கிலாந்து கிடைக்கும்.

வரைபடத்தை முதலில் வரைவது. எல்லைகளை அழகாக நிறம் தீட்டிவிட்டால், அதை நியாயப்படுத்தவே கதையை வளைப்பீர்கள். படி 7 முடிந்தபின் வரையுங்கள். அந்த வரைபடத்தில் ‘இத்தாலி தேசம்’, ‘ஜெர்மன் தேசிய உணர்வு’ எதுவும் வேண்டாம். 1197-இல் மிலானுக்கும் கிரெமோனாவுக்கும் ஒருவரையொருவர் ஆகாது.

எழுதி முடிக்கும்போது

வெளியிடும் வடிவம் இரண்டு வகை. ஆண்டுவாரிப் பட்டியல் என்றால் ஒரு பதிவுக்கு மூன்று, நான்கு வரி. ஒவ்வொன்றின் முடிவிலும் ‘உண்மை’, ‘கணிப்பு’, ‘ஊகம்’ என்று ஒரு சொல். கதை என்றால் அந்தச் சொற்களை எடுத்துவிட்டு, தாளைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், கேட்பவர்களுக்குக் காட்டலாம். இரண்டிலும் முப்பது ஆண்டோடு நிறுத்துவது உத்தமம். 468-இல் தொடங்கியவர் 498-க்குமேல் போனால், ஆட்களில் பாதிப் பேர் இட்டுக்கட்டிய பெயர்களாகிவிடுவார்கள், சரிபார்க்க எதுவும் மிஞ்சாது.

கடைசியாக, தாளை இன்னொருவரிடம் கொடுத்து, கெய்செரிக்கின் பக்கம் நின்று படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியிலும் ‘இந்த நேரத்தில் நான் சும்மா இருப்பேனா?’ என்று அவர் கேட்க வேண்டும். பதில் இல்லாத வரிகளைச் சிவப்பில் குறித்து, அங்கிருந்து படி 6-ஐ மறுபடியும் செய்யுங்கள்.